கல்லைப் படித்த பேராசிரியர் பீர்பல் சாஹ்னி



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை எழுதணும்னா நம்ம கை தானாகவே சர் சி.வி. ராமனையும், ராமானுஜனையும், விஸ்வேஸ்வரய்யாவையும் தேடிப் போகும். அவர்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். நான் இந்த முறை கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். கையளவு கல்லைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு காலத்தில் குளம் இருந்தது, இங்கே கடல் உள்ளே வந்து போனது, இந்த மலை முன்பு இவ்வளவு உயரம் இல்லை என்றெல்லாம் சொன்ன ஒரு மனிதரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர்தான் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி.

சிவில் படிக்கிற உனக்குப் புதைபடிவச் செடிகளை ஆராய்ந்தவர் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அவர் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு கேள்வி, நாளைக்கு ஒரு போர்ஹோல் பக்கத்தில் நின்று மண் சாம்பிள் எடுக்கப் போகிற நமக்கும் உள்ள கேள்விதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாறையில் எழுத்து எப்படி வருகிறது?

முதலில் அடிப்படை. ஆறு மணலைக் கொண்டு வருகிறது, ஏரியில் சேறு படிகிறது, கடலடியில் சிப்பியும் சுண்ணாம்பும் சேர்கிறது. அடுக்கின் மேல் அடுக்காக விழுந்து, மேலுள்ள பாரத்தால் இறுகி, மணற்கல், களிப்பாறை, சுண்ணாம்புக்கல் என்று ஆகிறது. இவைதான் படிவுப் பாறைகள். குலுங்காமல் கலையாமல் இருந்தால் அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. நம்ம ஹாஸ்டல் மேஜையில் குவிந்த பேப்பர் மாதிரி, அடியில் போன செமஸ்டர், மேலே இந்த வாரம்!

பாறையின் குணமே பாதி கதையைச் சொல்லிவிடும். ஒரிசாவில் தால்ச்சேர் என்ற இடத்தில் களிமண் பாறைக்குள் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் புதைந்து கிடக்கின்றன. சில கற்களில் கீறல்களும் உண்டு. ஓடுகிற ஆறு பெரிய கல்லையும் மெல்லிய களிமண்ணையும் ஒரே இடத்தில் இப்படிப் போடாது. 1856-ல் அங்கே வேலை பார்த்த பிளான்ஃபோர்டு சகோதரர்கள், இது பனிக்கட்டி கொண்டு வந்து போட்ட குவியல் என்றார்கள். வெயிலில் வேகிற ஒரிசாவில் பனிக்கட்டியா! ஆனால் அதுதான் உண்மை. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென் துருவத்தின் பக்கம் இருந்தது. அந்தப் பனி அடுக்குக்கு மேலேதான் நம்ம நாட்டு நிலக்கரி அடுக்குகள் வருகின்றன.

மீதிக் கதையைச் சொல்வது அந்தப் பாறைக்குள் இருக்கும் இலை, விதை, மரத்துண்டு, மகரந்தத் துகள். அதைப் படிக்கப் பிறந்தவர் சாஹ்னி.

உப்புமலை பக்கத்துப் பையன்

1891 நவம்பர் 14-ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்ற ஊரில் பிறந்தார். தந்தை ருச்சி ராம் சாஹ்னி, லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். தாய் ஈஸ்வர் தேவி. பேரா, ஜீலம் நதிக்கரை ஊர். அங்கிருந்து உப்புமலைத் தொடர் அதிக தூரமில்லை. கேவ்ரா உப்புச் சுரங்கம் அங்கேதான் இருக்கிறது. சிறுவனாக அந்த மலைப் பக்கம் போய் வந்தவர் அவர். இந்த மலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

லாகூரில் பட்டம் வாங்கியது 1911-ல். மகன் ஐ.சி.எஸ். ஆகணும் என்பது அப்பாவின் ஆசை. அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். என்றால் ஒரு மாவட்டமே கையில்! மகனோ தாவரவியல்தான் என்று பிடிவாதமாக நின்றார். அப்பாவும் விட்டுக்கொடுத்து கேம்பிரிட்ஜுக்கு அனுப்பி வைத்தார். இம்மானுவேல் கல்லூரியில் படித்து 1914-ல் பட்டம். புதைபடிவச் செடிகளில் அன்று பெரிய கையாக இருந்த சீவர்டு என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி. 1919-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம்.

இருபத்து மூன்று வயதில் ஓர் எச்சரிக்கை

1915-ல் அவர் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கைக்கே சாவி அதுதான்.

ஜிங்கோ என்று ஒரு மரம். அதன் சூலுக்குள் மகரந்தம் போய் உட்காரும் ஒரு சிறு அறை உண்டு. சாஹ்னி அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது உள்ளே ஜிங்கோவின் மகரந்தம் மட்டுமில்லை, சம்பந்தமே இல்லாத வேறு செடியின் மகரந்தமும் உட்கார்ந்திருந்தது. காற்று கொண்டு வந்து சேர்த்துவிட்டது, அவ்வளவுதான்.

சாதாரண ஆள் இதை ஒரு வேடிக்கை என்று விட்டிருப்பார். இவர் கேட்ட கேள்வி வேறு. இதே சூல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகி நம்ம கைக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்வோம்? உள்ளே இருக்கிற மகரந்தம் இந்த மரத்துடையதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவோம். அது தப்பாகிவிடும். ஒரு பொருள் ஓரிடத்தில் கிடைத்தால் அது அந்த இடத்துக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லை. புதைபடிவ ஆராய்ச்சிக்காரர்களுக்கு அந்த இளைஞர் வைத்த எச்சரிக்கை இது.

லக்னோவில் தொடங்கிய வேட்டை

1919-ல் இந்தியா திரும்பினார். காசி இந்து பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம், லாகூரில் ஒரு வருஷம். இடையில் 1920-ல் சாவித்திரி சூரி அம்மையாருடன் திருமணம். அதே ஆண்டில் சீவர்டுடன் சேர்ந்து இந்திய கோண்டுவானாச் செடிகளைப் பற்றிய நூலும் வெளிவந்தது. 1921-ல் புதிய லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியர். அதன் பிறகு கடைசி வரை லக்னோதான். 1929-ல் கேம்பிரிட்ஜின் எஸ்சி.டி. பட்டம், 1936-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ.

பட்டங்களை விடுங்கள், வேலையைப் பாருங்கள். மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ராஜ்மஹால் மலை. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கிறது. அங்கே எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே படிவுப் பாறைகள் உண்டு. அவற்றில் தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், விதைக் கொத்து ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கல்லாகிக் கிடந்தன. ஆளுக்கொரு பேர் வைத்துத் தனிச் செடிகளாகவே எழுதியிருக்கலாம். சாஹ்னி உள் அமைப்பைப் பொருத்திப் பார்த்து, இவை எல்லாம் ஒரே வகைச் செடியின் உறுப்புகள் என்று 1948-ல் பென்டாக்சிலியே என்ற புதிய தாவரக் கூட்டத்தையே உலகத்துக்குக் காட்டினார். உதிரி பாகங்களை வைத்து முழு இஞ்சினை அசெம்பிள் செய்கிற மாதிரி! அதற்கு முன்பே 1932-ல் அதே மலையின் வில்லியம்சோனியா என்ற செடிக்கு முழு உருவம் கொடுத்து, தன் குரு சீவர்டின் பேரையே அதற்கு வைத்தார்.

இரண்டு, தக்காணம். பம்பாயிலிருந்து நாக்பூர் வரை படிப்படியாகத் தெரிகிற கருங்கல் மலைகள் எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்தவை. ஒரு தடவை குழம்பு ஓடி முடிந்து அடுத்தது வருவதற்குள் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் ஏரி உண்டானது, செடி முளைத்தது, சேறு படிந்தது. பிறகு அடுத்த குழம்பு வந்து மூடிவிட்டது. அந்த இடை அடுக்குகளைத்தான் சாஹ்னி தோண்டித் துருவினார். சிலிக்கா ஊறிக் கல்லான பனைவகை மரங்கள், குளத்தில் மிதக்கும் அசோலா என்ற சின்ன நீர்ப்பெரணி, எல்லாம் கிடைத்தன. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் மோகாவ்ன்கலான் என்ற கிராமத்தில் நீப்பா என்ற பனையின் காய் கிடைத்ததுதான் பெரிய ஆச்சரியம். நீப்பா இன்றைக்கும் சுந்தரவனம் மாதிரி, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற முகத்துவாரங்களில்தான் வளரும். அப்படியென்றால் இன்று நடு இந்தியாவில் இருக்கும் அந்த இடத்துக்கு அன்று கடல் பக்கத்தில் இருந்திருக்கிறது! ஒரு காய் கடற்கரையையே காட்டிக்கொடுத்துவிட்டது.

இந்தத் தக்காணக் கதைக்கு நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. 1940 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாடு சென்னையில் நடந்தபோது பொதுத் தலைவர் சாஹ்னிதான். தலைமை உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் இதே தக்காண எரிமலைகள். அவை டைனோசர் காலமான கிரிட்டேஷியஸைச் சேர்ந்தவை என்று பலர் நம்பியிருந்தபோது, இல்லை, அதற்கு அடுத்த டெர்ஷியரி காலத்தவை என்று செடிகளைச் சாட்சியாக வைத்து வாதாடினார். இன்றைய கதிரியக்கக் கணக்குப்படி பெரும்பாலான குழம்பு சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடியது. அதாவது சரியாக இரண்டு காலங்களின் எல்லைக் கோட்டிலேயே! இரண்டு கட்சிக்கும் பங்கு கிடைத்துவிட்டது. விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரைக் கல்மரம் பார்த்திருப்பீர்கள். அந்த மரக்கட்டையையும் அவர் ஆராய்ந்து 1931-ல் வெளியிட்ட நூலில் சேர்த்திருக்கிறார்.

மூன்று, காஷ்மீர். அங்கே கரேவா என்று சொல்லும் பழைய ஏரிப் படிவுகள் இருக்கின்றன. பீர் பஞ்சால் மலைச் சரிவில் சுமார் 10,000 அடி உயரத்தில் உள்ள அந்தப் படிவுகளில் நீர்ச்செஸ்நட் காய்களின் புதைபடிவம் கிடைத்தது. அதே செடி இன்று காஷ்மீரில் வளர்வது சுமார் 5,200 அடி உயரத்தில் உள்ள வூலர் ஏரியில். குளிர் கொல்லும் உச்சியில் ஏரிச் செடிக்கு என்ன வேலை? செடி ஏறவில்லை நண்பர்களே, மலைதான் ஏறியிருக்கிறது! ஏரி அடியாக இருந்த சேறு மலையோடு சேர்ந்து மேலே தூக்கப்பட்டுவிட்டது. அதுவும் பூமியின் வயதைப் பார்த்தால் ரொம்பச் சமீபத்தில், மனிதன் தோன்றிய பிறகு. 1936-ல் அவர் எழுதியது இது.

கண்டங்கள் நகர்ந்தன என்ற வேகனரின் கருத்தைப் பலர் கேலி செய்துகொண்டிருந்த காலம் அது. கிளாசாப்டெரிஸ் என்ற இலையின் புதைபடிவம் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கிறது. இந்தியாவுக்கு அண்டையில் உள்ள சீனாவிலோ அதே காலத்துச் செடிகள் வேறு கூட்டம். இன்று ஒட்டி இருக்கும் இரண்டு நிலங்கள் அன்று வெகு தூரத்தில் இருந்திருக்கணும் என்று செடி வழியாக வேகனருக்குப் பலம் சேர்த்தவர்களில் சாஹ்னியும் ஒருவர்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் ஒரு செய்தி. 1936-ல் ரோத்தக் அருகே கோக்ராகோட் மேட்டில் சுட்ட களிமண் துண்டுகள் அவர் கண்ணில் பட்டன. அவை பழங்கால நாணய வார்ப்பு அச்சுகள். அந்தக் காலத்தில் மோல்டிங் எப்படிச் செய்தார்கள் என்பதை விளக்கி 1945-ல் ஒரு நூலே எழுதினார். சிதறிக் கிடப்பதைச் சேர்த்துப் பார்க்கும் கண் அது.

மீண்டும் உப்புமலை

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

சிறு வயதில் பார்த்த உப்புமலையில் ஒரு பெரிய வழக்கு இருந்தது. கேவ்ரா உப்பு, வெயிலில் வற்றிப்போன ஆழமில்லாத பழங்கடலின் மிச்சம். அதில் தகராறு இல்லை. எந்தக் காலத்துக் கடல் என்பதில்தான் தகராறு. உப்புக்கு மேலே மணற்கல், அதற்கு மேலே டிரைலோபைட் என்ற மிகப் பழைய கடல் பிராணிகள் உள்ள காம்ப்ரியன் அடுக்கு. கீழே இருப்பது மூத்தது என்ற விதிப்படி உப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. எதிர்க்கட்சியோ, உப்பு சுமார் 5 கோடி ஆண்டு வயதுள்ள ஈயோசீன் காலத்தது, பழைய பாறைகள் பின்னால் நகர்ந்து அதன் தலைமேல் ஏறிக்கொண்டன என்றது. 5 கோடியா, 50 கோடியா? பத்து மடங்கு வித்தியாசம்!

சாஹ்னி உப்பையும், உப்புக் களியையும், கூடவே இருந்த டோலமைட்டையும் எண்ணெய்க் களிப்பாறையையும் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். உள்ளே மரத் துணுக்குகள், பூக்கும் தாவரங்களின் திசுக்கள், பூச்சிகளின் சிறு துண்டுகள்! காம்ப்ரியன் காலத்தில் நிலத்தில் மரமே கிடையாது, பூச்சியும் கிடையாது. எனவே உப்பு ஈயோசீன்தான் என்று 1944-ல் அறிவித்தார்.

மலையைக் காலால் அளந்த நிலவியலாளர்கள் விடவில்லை. களத்தில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இயல்பாகவே இருக்கின்றன, உப்புத்தான் கீழே, அதனால் உப்புத்தான் மூத்தது என்றார்கள். உள்ளே கிடந்த துணுக்குகள் பிற்பாடு தண்ணீரோடு புகுந்தவையாக இருக்கலாமே என்றும் கேட்டார்கள். உப்பு கரையும், மறுபடி உறையும். விரிசல் வழியாக எதுவும் இறங்கும். கேள்வி புரிகிறதா? 1915-ல் அந்த இளைஞர் மற்றவர்களைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி! கிடைத்த பொருள் அந்த இடத்துக்குச் சொந்தமா, இல்லை வந்து ஒட்டிக்கொண்டதா? முப்பது வருஷம் கழித்து அது அவர் வாசலுக்கே வந்து நின்றது.

அவர் எச்சரிக்கை இல்லாத ஆள் இல்லை. வெளியிலிருந்து தூசு கலக்காமல் இருக்கப் பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். எளிதில் நீர் புகாத டோலமைட்டிலும் களிப்பாறையிலும் தேடியதே இந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லத்தான். ஆனாலும் இன்றைய முடிவு அவருக்கு எதிராகத்தான் இருக்கிறது. அந்த உப்பு சுமார் 54 கோடி ஆண்டுப் பழையது. ஓமன், ஈரான் பக்கமும் ஏறக்குறைய அதே காலத்து உப்பு இருக்கிறது. மலை நகர்ந்தது என்னவோ நிஜம்தான். ஆனால் உப்பின் மேல் வேறு பாறை வந்து ஏறவில்லை. உப்பே கிரீஸ் மாதிரி அடியில் வழுக்க, முழு அடுக்கும் ஒன்றாகத் தெற்கே நகர்ந்திருக்கிறது.

அப்படியானால் சாஹ்னி தோற்றுவிட்டாரா? நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் தன் முடிவை மூடி வைத்துக் காக்கவில்லை. தேசிய அறிவியல் கழகத்தின் கருத்தரங்கில் எதிர்த்தவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். 1944-லும் அதற்கடுத்தும் நடந்த அந்த விவாதங்களில் இரண்டு தரப்புக் கட்டுரைகளும் ஒன்றாகவே அச்சாயின. தன்னை மறுக்கத் தேவையான எல்லாவற்றையும் அவர் மேஜை மேல் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதை வைத்துத்தான் வழக்கை முடித்தார்கள்.

அந்த ஒரு வாரம்

புதைபடிவச் செடிகளுக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்பது அவர் கனவு. 1946-ல் நிலையம் தொடங்கியது. தான் ஆயுள் முழுக்கச் சேர்த்த புதைபடிவங்களையும் புத்தகங்களையும் அதற்கே கொடுத்தார். 1948-ல் உத்தரப் பிரதேச அரசு லக்னோவில் நிலமும் பங்களாவும் கொடுத்தது. 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். சாதாரண அடிக்கல் இல்லை. பல நாடுகளின், பல யுகங்களின் புதைபடிவங்களைப் பதித்து சாஹ்னியே உருவாக்கிய கல்.

சரியாக ஒரு வாரம். ஏப்ரல் 10, நள்ளிரவு கடந்த நேரம், மாரடைப்பு. 57 வயது. கட்டடத்தின் ஒரு சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

மற்ற இடமாக இருந்தால் கல் மட்டும் மிஞ்சியிருக்கும். சாவித்திரி அம்மையார் பொறுப்பைத் தோளில் ஏற்றுக்கொண்டார். 1953 ஜனவரி 2-ஆம் தேதி அதே நேரு வந்து கட்டடத்தைத் திறந்து வைத்தார். இன்றும் அது பீர்பல் சாஹ்னி பெயரில் லக்னோவில் இயங்கி வருகிறது.

நமக்கு என்ன?

போர்ஹோல் விஷயம் சொல்கிறேன் என்றேனே. பத்து மீட்டர் ஆழத்தில் சாம்பிள் எடுக்கும்போது மேல் சுவரிலிருந்து சரிந்த மண்ணும் குழாயில் வரும். டிரில்லிங் தண்ணீர் கொண்டு வந்ததும் வரும். அதைப் பத்து மீட்டர் மண் என்று ரிப்போர்ட்டில் எழுதினால் அஸ்திவாரமே தப்பாகிவிடும். கேசிங் பைப் இறக்குவதும், துளையின் அடியைச் சுத்தம் செய்துவிட்டு சாம்பிள் எடுப்பதும் இதற்காகத்தான். லேப் ஷீட்டில் ஒரு எண்ணைப் போடும் முன், இது அந்த ஆழத்துக்குச் சொந்தமா என்று நாமும் கேட்கணும்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில சமயம் ஏமாறுவோம். சாஹ்னி போன்ற மேதையே ஏமாந்த இடம் அது. அப்போது நம்மைக் காப்பாற்றுவது ஒன்றுதான். எங்கே எடுத்தோம், எப்படி எடுத்தோம், என்ன பார்த்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தால், நம்ம தப்பை அடுத்தவன் பிடித்துவிடுவான். கட்டடம் நிற்கும்.

நண்பர்களே, அடுத்த தடவை சைட்டில் கருங்கல் ஜல்லிக்கு நடுவே ஒரு மணற்கல் துண்டு கிடைத்தால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அது ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஆற்றின் அடி. படிக்கத் தெரிந்தவனுக்கு அது பேசும்!



(இறுதியாண்டு, சிவில் பிரிவு)